லிஃப்ட்காரர் காட்டிய ஊர்

அந்த ஊரில் தாம் ஏறிப் பார்க்காத மொட்டைமாடி இல்லை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மெக்கானிக்காகப் பணிபுரிந்துவந்த அவரை, காவலாளிகள் முதல் கட்டட உரிமையாளர்கள் வரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே அழைத்தார்கள். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களை அவர் கரைத்துக் குடித்திருந்தார். அவருடைய வீட்டுக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது, தரைத்தளம்.

"நாள் முழுக்க ஏறி இறங்குறவனுக்கு வீட்டுலயாவது கால் தரையில படட்டும்" என்பார் அவர்.

"படட்டும். கழுவிட்டுப் படட்டும்" என்பார் அவர் மனைவி.

லிஃப்ட்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு லிஃப்டைப் பழுதுபார்த்து முடித்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, லிஃப்டின் தரையில் விளிம்பு படும்படி நிமிர்த்தி நிறுத்துவார். பிறகு கீழ்த்தளத்திலிருந்து உச்சிவரை ஒருமுறை போய்வருவார். அதிர்வோ குலுக்கலோ இருந்தால் நாணயம் சாய்ந்துவிடும். மறுபடியும் ஸ்பானரைக் கையில் எடுப்பார். சாயாமல் நின்றால்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்திடுவார். நிறுவனத்தின் விதிகளில் இப்படி ஒன்று இல்லை. ஆயினும் அவர் வீட்டில் இது ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டிருந்தது. உடம்புக்குக் குணமானாலும், பரீட்சை நன்றாக எழுதினாலும், குழம்புக்கு உப்பு சரியாக இருந்தாலும், "காசு நிக்குது" என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள்.

அவருக்கு ஒரே தங்கை. திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாக வேறோர் ஊரில் குடியிருந்தாள். அவள் கணவர் பெயிண்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நிறம் கலக்கும் பிரிவில் பணியாற்றினார். அந்த நிறுவனம், லிஃப்ட்காரரின் ஊரிலுள்ள கிளைக்கு மாறிப்போக விருப்பமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருந்தது. தங்கை துள்ளிக் குதித்தாள். மாப்பிள்ளைதான் பிடி கொடுக்கவில்லை.

"அண்ணா, வியாழக்கிழமை அவர் அங்க வர்றார். ஒரே ஒரு நாள்" என்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். "காலையில ஆபீஸ்ல தலையைக் காட்டிட்டு வந்துடுவார். சாயங்கால ரயில் வரைக்கும் சும்மாதான் இருப்பார். மறுநாள் கம்பெனிக்குச் சரியா இல்லையான்னு சொல்லியாகணும். ஊரைச் சுத்திக் காட்டி எப்படியாவது அவருக்குப் பிடிக்க வெச்சிடு."

"அவருக்கு வர விருப்பம் இல்லையாம்மா?"

"அதுதான் தெரியலையே. கேட்டா 'பார்க்கலாம்'னு சொல்றார். ரெண்டு மாசமா பார்க்கலாம், பார்க்கலாம். எதைத்தான் பார்க்கணுமோ! நான் பொறந்த ஊரு. நீயும் அண்ணியும் இருக்கீங்க. பாப்பாவுக்குப் பக்கத்துலயே ஸ்கூலு. கம்பெனியே வீடு குடுக்குது, பதினாலாவது மாடி, பால்கனியோட. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்?"

"லிஃப்டும் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர் அடக்கமாக. அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவர் அவர்தான்.

"ஆமா, அதுவும் உன் லிஃப்டு. அங்க காசு நிக்குதுல்ல?"

"நிக்குதாவா? வேர் விட்டு நிக்குது."

அருகில் நின்றிருந்த அவர் மனைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "ஏன்டி, போயும் போயும் உங்க அண்ணன்கிட்டயா ஊரைக் காட்டச் சொல்ற? இவர் ஊரைக் காட்டினா மெஷின் ரூமைத்தான் காட்டுவார்."

"அப்ப நீங்க கூடப் போங்க அண்ணி."

"எனக்கு எங்க லீவு? பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல உக்கார்றவ நான். அவனவன் வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருப்பான், விட்டுட்டு வர முடியுமா?"

நாத்தனாரும் அண்ணியும் அதற்கு மேல் வெகுநேரம் வம்பளந்தார்கள். இந்தப் பேச்சைத் தொலைபேசியில் அல்லாமல், சமையலறையில் இருவரும் நேருக்கு நேர் நின்று பேச, தாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே லிஃப்ட்காரரின் உள்ளத்தில் இருந்த ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த ஆசை நிறைவேறுவதும் நிறைவேறாததும் ஒரு வியாழக்கிழமையின் கையில் இருந்தது.

அன்று சாப்பிடும்போதே ஆலோசனை தொடங்கிவிட்டது. ஆற்றங்கரைப் பூங்கா, துணிக்கடை வீதி, படகுத்துறை என்று மனைவி அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட்காரர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அதெல்லாம் கீழ இருக்கிற இடங்க. ஊருன்னா மேல இருந்து பார்க்கணும். கீழ நின்னு பார்த்தா ஊர் எங்க தெரியுது? முன்னால போறவன் முதுகுதான் தெரியுது."

"சரி, மேலேயே காட்டுங்க. ஆனா அந்த ரோப்பு எத்தனை, மோட்டார் எத்தனைன்னு ஆரம்பிச்சிடாதீங்க. பாவம், அந்தத் தம்பி வாயே திறக்காது."

"ஆரம்பிக்க மாட்டேன்" என்று வாக்களித்துவிட்டு, முதலில் அருங்காட்சியகம், அடுத்து நூலகம், கடைசியாக முப்பத்திரண்டு மாடிக் கோபுரத்தின் உச்சி என்று அவர் திட்டம் வகுத்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரம். மூன்றும் அவர் கைபட்ட லிஃப்டுகள்.

வியாழக்கிழமை முற்பகலில், மாப்பிள்ளை தம் நிறுவனத்தின் கிளை அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். ஒல்லியான மனிதர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. வலக்கைச் சுண்டுவிரல் நகத்தில் மட்டும், எத்தனை கழுவியும் போகாத ஒரு நீலக்கறை. பேச்சில் சிக்கனம் உள்ளவர். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு புன்னகை.

"ஆபீஸ் எப்படி மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு மச்சான். ரெண்டே மாடி."

ரெண்டே மாடி என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொண்ட லிஃப்ட்காரர், "கவலைப்படாதீங்க, நான் காட்டறேன் பாருங்க" என்று ஆறுதல் கூறி அழைத்துச் சென்றார்.

அருங்காட்சியகத்தின் லிஃப்ட் கற்சிலைகளை ஏற்றுவதற்காக அமைந்தது. ஓர் அறை அளவுக்கு அகலமானது. மனைவிக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே காற்றில் பறந்தது.

"யானையே ஏறி நின்னாலும் தாங்கும் மாப்பிள்ளை."

"யானை வருமா மச்சான்?"

"வராது. வந்தா தாங்கும்."

மாப்பிள்ளை புன்னகைத்தார். லிஃப்ட் வந்து கதவு திறந்ததும், பையிலிருந்து தொலைபேசியை அவசரமாக எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "ஒரு போன் மச்சான். நீங்க முன்னால போங்க, வந்துடறேன்."

லிஃப்ட்காரர் மேலே போய்க் காத்திருந்தார். லிஃப்ட் இருமுறை கீழே போய்வந்தது. மாப்பிள்ளை அதில் இல்லை. சற்றுப் பொறுத்துப் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கியபடி வந்தார். பேசிக்கொண்டே நடந்துவிட்டதாகச் சொன்னார். உலகத்தில் நடக்கக்கூடியதுதானே என்று லிஃப்ட்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாளரத்தின் வழியே ஆற்றையும் பாலங்களையும் காட்டினார். மாப்பிள்ளை "அழகா இருக்கு" என்றார். ஆனால் சாளரத்தைவிட்டு இரண்டு அடி தள்ளியே நின்றார்.

நூலகத்தில், லிஃப்ட் வந்து நின்ற சமயம் பார்த்து மாப்பிள்ளை குனிந்துவிட்டார். "ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு மச்சான். நீங்க போங்க." ஆறாவது மாடியில் அவர் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நூலகர், லிஃப்ட்காரருக்கு நெடுநாள் பழக்கமானவர், தாழ்ந்த குரலில், "உங்க மாப்பிள்ளைக்குக் காய்ச்சலா? முகமே சரியில்லையே" என்று விசாரித்தார். லிஃப்ட்காரர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். காய்ச்சலாக இருக்க முடியாது. ஊர் பிடிக்கவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் மனம் வராமல் மனிதர் தவிக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை அழைத்தாள். லிஃப்ட்காரர் அலமாரிகளின் மறைவுக்குப் போனார்.

"அண்ணா, காசு நிக்குதா?"

"இன்னும் தெரியலம்மா."

"என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல."

"முகம் எப்படி இருக்கு?"

"வேர்த்திருக்கு."

"வேர்த்திருக்கா? என்னண்ணா பண்ணே அவரை?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா, ஊரைத்தான் காட்டினேன். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன், நீ வை." பழுதான லிஃப்டைப் பற்றி உரிமையாளர்களுக்குச் சொல்லும் அதே சொற்கள் தம் வாயில் வந்துவிட்டதை, சொன்ன பிறகுதான் உணர்ந்தார்.

மாப்பிள்ளையோடு படியிறங்கிப் போகும்போது தற்செயலாகக் கீழே பார்த்தார். மாப்பிள்ளை அணிந்திருந்த காலணிகளில் லேஸே இல்லை.

அது அவர் மனத்தில் நெருடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் என்ன ஏதென்று அவருக்கு விளங்கவில்லை. தாம் இன்னும் உச்சத்தைக் காட்டாததே குறை என்று நினைத்தார். சாப்பிட்டு முடித்த கையோடு கோபுரத்துக்கு அழைத்துப் போனார்.

கோபுரத்தின் விரைவு லிஃப்டை இயக்கும் பெண்மணி அவரைப் பார்த்ததும் சிரித்தார். "என்னண்ணே, லீவு நாள்லயும் இங்கேயே வந்து நிக்கிறீங்க? அண்ணி வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா?"

"மாப்பிள்ளைக்கு ஊரைக் காட்ட வந்தேன்மா."

"அப்ப உள்ள வாங்க மாப்பிள்ளை சார். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முப்பத்திரண்டாவது மாடி."

மாப்பிள்ளை கண்ணை ஏற்கெனவே மூடியிருந்தார்.

தொலைபேசி ஒலிக்கவில்லை. லேஸ் அவிழவில்லை. இங்கே பார்வையாளர்களுக்குப் படிக்கட்டும் கிடையாது. லிஃப்டின் கதவு திறந்தபடியே காத்திருந்தது. மாப்பிள்ளையின் இடக்கை சுவரோரத்து உலோகக் கம்பியைப் பற்றியிருந்தது. வலக்கை முஷ்டியாக மடங்கியிருந்தது. கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் அதன் மேல்.

அந்த முஷ்டியை லிஃப்ட்காரர் நன்கு அறிவார். இரண்டு மாடிகளுக்கு இடையே லிஃப்ட் நின்றுபோய், கதவை நெம்பித் திறந்து மனிதர்களை வெளியே எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார். பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பயில்வானாக இருந்தாலும் சரி, கட்டைவிரல் உள்ளேதான் இருக்கும். பச்சைக் குழந்தை தன் விரலையே பிடித்துக்கொள்வதைப்போல.

காலையிலிருந்து நடந்தவை அத்தனையும் அவருக்குள் ஒரு நொடியில் மேலிருந்து கீழே வந்து நின்றன.

"கதவை மூடிக்கோம்மா" என்றார் அந்தப் பெண்மணியிடம். "நாங்க வரல."

"ஏன்ணே?"

"மாப்பிள்ளைக்கு மேல வர ஆசைதான். எனக்குத்தான் சாப்பிட்டது ஒத்துக்கல. மேல போனா வம்பாயிடும்."

"ஐயோ, என் லிஃப்டுல வேணாம், போங்க போங்க!" என்று அவர் உடனே பொத்தானை அழுத்திவிட்டார்.

கோபுரத்துக்கு வெளியே மரநிழலில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. இருவரும் அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"எப்ப இருந்து மாப்பிள்ளை?" என்று லிஃப்ட்காரர், எங்கோ பார்த்தபடி கேட்டார்.

மாப்பிள்ளை மறைக்க முயலவில்லை. "முதல் வேலையில சேர்ந்த புதுசுல, மச்சான். தனியா மாட்டிக்கிட்டேன். கரண்ட் போயிடுச்சு. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், யாரும் வரல. ரொம்ப நேரம். அதுக்கப்புறம் படிக்கட்டுதான்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு உடற்பயிற்சியில ஆர்வம்னு நினைச்சுட்டிருக்கா." அவர் முகத்தில் ஒரு வெட்கப் புன்னகை வந்து மறைந்தது. "எங்க வீடு முதல் மாடி, ஆபீஸ் ரெண்டாவது மாடி. ஒன்பது வருஷம் எப்படியோ ஓட்டிட்டேன். இப்ப பதினாலாவது மாடிங்கிறா. தினமும் பால்கனியில எந்தத் தொட்டி எங்க வைக்கணும்னு படம் போட்டுக் காட்டறா. லிஃப்ட் பார்க்கிறவரோட தங்கச்சிகிட்டப் போய், எனக்கு லிஃப்டுன்னா பயம்னு எப்படி மச்சான் சொல்றது? அதான் 'பார்க்கலாம், பார்க்கலாம்'னு..."

"அப்ப ஊர்மேல ஒண்ணும் குறை இல்லையே?"

"ஊரை நான் இன்னும் பார்க்கவே இல்ல மச்சான். ஏறின மூச்சு இறங்கிறதுக்குள்ள அடுத்த இடம் வந்துடுச்சு."

லிஃப்ட்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடவே, நெஞ்சிலிருந்து ஒரு பெரிய எடை இறங்கிய நிம்மதியும் உண்டாயிற்று. லிஃப்ட் விழாது மாப்பிள்ளை, ஒரு கயிறே மொத்தப் பாரத்தையும் தாங்கும் என்று தொடங்க வாயெடுத்தவர், உடனே அதை விழுங்கிக்கொண்டார். சிக்கிக்கொண்டவர்களிடம் கயிற்றின் கணக்கைச் சொல்லி எவருக்கும் பயம் தெளிந்ததில்லை என்பது அவர் அனுபவம். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரிடம் வீட்டுக் கதை, கிரிக்கெட், காய்கறி என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பதுதான் மருந்து.

"உங்களுக்கு எந்த மாதிரி ஊர் மாப்பிள்ளை பிடிக்கும்?"

"தரையில இருக்கிற ஊர்."

லிஃப்ட்காரர் யோசித்தார். அவர் மனத்திலிருந்த வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் உயரக் கட்டடங்கள். தரையில் என்ன இருக்கிறது என்று தேடியபோது, நடுவே ஒரு பெரிய வெற்றிடம் தெரிந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம். அங்கே மண் இளக்கம். இரண்டு மாடிக்கு மேல் கட்ட அனுமதி இல்லை. லிஃப்டே இல்லாத பகுதி. ஆகவே அவருக்கு அங்கே ஒரு நாளும் வேலை வந்ததில்லை. பிறந்து வளர்ந்த ஊரில், மேம்பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்த ஓட்டுக் கூரைகள்.

"வாங்க" என்று எழுந்தார். "எனக்கே தெரியாத இடம் ஒண்ணு இருக்கு. போய்ப் பார்ப்போம்."

கால்வாயின் நடைபாலத்தைக் கடந்து இரண்டு தெரு போவதற்குள் லிஃப்ட்காரருக்கு வழி தவறிவிட்டது. தெருக்கள் குறுகலாக, வளைந்து வளைந்து சென்றன. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் முன்னால் மூன்று முறை வந்து நின்றார்கள். மூன்றாம் முறை கடைக்காரர், "என்ன, டயரைப் பத்தி யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். இருவரிடமும் சைக்கிளே இல்லை.

கடைசியில் செடிகள் விற்கும் ஓர் அம்மாளிடம் லிஃப்ட்காரர் வழி கேட்டார். அந்த அம்மாள் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசா?"

லிஃப்ட்காரர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "ஆமாங்க" என்றார்.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவரிடமிருந்து வந்த முதல் சிரிப்பு அது. தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதற்கு என்று தெரியாமலே அந்த அம்மாளும் கூடச் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாளின் பேச்சை நிறுத்த முடியவில்லை.

"புதுசுன்னா சொல்றேன் கேட்டுக்கங்க. நேராப் போய்க் கால்வாய்ப் படிக்கட்டுல உக்காருங்க, வெயில் இறங்கும்போது தண்ணி தங்கமா இருக்கும். மூலைக் கடையில டீ குடிக்காதீங்க, அவன் சுடுதண்ணிக்குத் தேயிலையைத் தூரத்துல இருந்து காட்டுவான். எதிர்க்கடையில குடிங்க. துணி வெளுக்கிறவர் வீட்டுச் சந்துல பூனைங்க அதிகம், மிதிச்சிடாதீங்க, அதுங்க வழிவிடாது, நீங்கதான் விடணும். ஸ்கூல் மணி அடிச்சதும் இந்தத் தெருவுல நடக்காதீங்க, பசங்க ஆளைத் தள்ளிக்கிட்டே போயிடும்."

"ஸ்கூலா? பக்கத்துலயா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஊரைப் பற்றி அவர் தாமாகக் கேட்ட முதல் கேள்வி.

"அதோ, அந்த மஞ்சச் சுவரு."

மாப்பிள்ளை மஞ்சள் சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கண்கள் கதவுகள் மேல் போயின. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒவ்வொரு நிறம். மெல்ல நடக்கத் தொடங்கியவர், தம்மை மறந்து பேச ஆரம்பித்தார்.

"இது பாருங்க மச்சான், பச்சைக்கு அடியில நீலம் இருக்கு, அதுக்கும் அடியில சிவப்பு. பழசைச் சுரண்டாமலே மேல மேல அடிச்சிருக்காங்க. இந்தக் கதவுல கலக்கினவருக்குக் கை நடுங்கியிருக்கு, மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். ஆனா அதுதான் நல்லா இருக்கு. இந்த ஊதாவைக் கலக்கணும்னா எங்க லேபுல ஒரு வாரம் ஆகும், இவங்க சும்மா வெயில்லயே விட்டு வரவெச்சிருக்காங்க."

லிஃப்ட்காரர் அவர் பின்னாலேயே நடந்தார். பேசாத மனிதர் என்று குடும்பமே முத்திரை குத்திவைத்திருந்தவர் இப்படி மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தாமும் இப்படித்தான் ரோப்பையும் மோட்டாரையும் பற்றிப் பேசுகிறோம் போலும் என்று நினைத்துக்கொண்டார். கேட்பவருக்குத்தான் எத்தனை பொறுமை வேண்டும்!

சாம்பல் நிறக் கதவு ஒன்றில் 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை தொங்கியது. செடிக்கடை அம்மாளே சாவியோடு பின்னால் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் அவருடைய கொழுந்தனாராம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்புறம் சிறிய முற்றம். வாசற்படி தாண்டினால் தெரு. மாப்பிள்ளை ஒவ்வோர் அறையிலும் நின்று பார்த்தார். முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"தொட்டி எல்லாம் இங்க வைக்கலாம்" என்றார். சொன்னதும் முகம் வாடிவிட்டது. "ஆனா பால்கனின்னு சொல்லிட்டிருக்காளே மச்சான். கம்பெனி வீடு வேணாம்னா அவங்க வாடகையைக் குடுத்துடுவாங்க, அது பிரச்சனை இல்ல. அவகிட்ட என்ன காரணம் சொல்வேன்?"

அதற்கென்றே காத்திருந்ததைப்போலத் தொலைபேசி ஒலித்தது. தங்கைதான்.

லிஃப்ட்காரர் எடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் மறுபடியும் முஷ்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, என்னாச்சு?"

"ஊர் பிடிச்சிருக்கும்மா. ஆனா..." லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பதினாலாவது மாடி வீடு வேணாம்."

"ஏன்?"

"லிஃப்ட் சரியில்ல."

"எந்த லிஃப்ட்? உன் லிஃப்டா?"

"என்... என் லிஃப்ட்தான்."

"அன்னிக்கு வேர் விட்டு நிக்குதுன்னியே!"

இருபது ஆண்டுகளுக்கும் மேலான பணியில் எந்த லிஃப்டையும் பற்றி, அதிலும் தம் கையால் சீராக்கிய அந்த லிஃப்டைப் பற்றி, ஒரு சொல் குறைவாகச் சொன்னவர் அல்லர் அவர். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "காசு..." என்று தொடங்கினார். அந்தச் சொல் வெளியே வரமாட்டேன் என்றது. "காசு நிக்கலம்மா. சாயுது. ரொம்ப... ரொம்ப மோசமாச் சாயுது."

மாப்பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மனிதர் தம் பிள்ளையைத் திருடன் என்று சொல்வதைப்போல அந்தக் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"இங்க பாரு, அண்ணன் சொல்றதை நம்பாதே. லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் லிஃப்டுன்னா பயம். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே. இத்தனை வருஷமா உன்கிட்ட மறைச்சுட்டேன்."

செடிக்கடை அம்மாள் மரியாதை கருதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

பிறகு தங்கையின் குரல், பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி எழுந்தது. "இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒன்பது வருஷமா? எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? உடற்பயிற்சியில ஆர்வம் இருக்கிற மனுஷன் மாடிக்கு மட்டும் நடந்து ஏறுவார், தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கிட்டு வரச் சொன்னா வண்டியை எடுப்பாரா?"

"அப்ப ஏன் நீ கேட்கவே இல்ல?"

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன். பதினாலாவது மாடின்னு படம் போட்டுப் போட்டுக் காட்டினா அன்னிக்கே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னன்னா பார்க்கலாம், பார்க்கலாம்னு! சரி, அங்க வேற வீடு எதுவும் கண்ணுல படலையா?"

மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். "பட்டிருக்கு. சாம்பல் கலர் கதவு. நாம வேற அடிச்சுக்கலாம்."

தொலைபேசி மறுபடி லிஃப்ட்காரர் கைக்கு வந்தபோது, தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, நிஜமாச் சொல்லு. காசு நிக்குதுல்ல?"

"நிக்குதும்மா" என்றார் லிஃப்ட்காரர். போன உயிர் திரும்பி வந்ததைப்போல இருந்தது அவருக்கு.

மனைவி பல் மருத்துவமனையிலிருந்து நேராக ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். செய்தி அதற்குள் நாத்தனார் வழியாக அவரை எட்டியிருந்தது. வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"இவர் உங்களுக்கு எதை எதையெல்லாம் காட்டினார் தம்பி?"

"மச்சான் ஒண்ணும் காட்டலக்கா" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு பேருமா வழி கேட்டுக்கிட்டே போனோம்."

"வழி கேட்டாரா? இவரா? இந்த ஊர்லயா?" மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் ரயில்வே கடிகாரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வீட்டுக்கு எப்படிப் போகணும்னு எனக்குச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை போய்ப் பெருக்கித் துடைச்சு வைக்கிறேன்."

"மூலைக் கடையில டீ குடிக்காதே" என்றார் லிஃப்ட்காரர். "பூனைங்க வழிவிடாது, நாமதான் விடணும். மீதியைச் செடிக்கடை அம்மா சொல்லுவாங்க."

மாப்பிள்ளையின் ரயில் அடுத்த நடைமேடையில் நின்றது. அங்கே போக ஒரு மேம்பாலம்; பாலத்துக்கு ஏறப் படிக்கட்டும் உண்டு, லிஃப்டும் உண்டு. பழக்கதோஷத்தால் லிஃப்ட்காரரின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"இல்ல மச்சான், நீங்களும் அக்காவும் அதுலயே வாங்க" என்றார் மாப்பிள்ளை, பையைத் தோளில் மாட்டியபடி. "நான் இப்படி வர்றேன். யார் முதல்ல போறோம்னு பார்ப்போம்."

லிஃப்ட் ஆடி அசைந்து கீழே வந்தது. கதவு யோசித்து யோசித்துத் திறந்தது, அதே போலவே மூடியது. உள்ளே நின்ற லிஃப்ட்காரர், கூடாது கூடாது என்று நினைத்தும் தாளாமல், நாணயத்தை எடுத்துத் தரையில் நிறுத்தினார். லிஃப்ட் கிளம்பிய உடனேயே அது சாய்ந்து, உருண்டு, மனைவியின் செருப்பில் முட்டி நின்றது.

மேலே கதவு திறந்தபோது, மாப்பிள்ளை பாலத்துக் கம்பியில் சாய்ந்து, மூச்சுக்கூட வாங்காமல், கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், நீங்க சொன்னது சரிதான் போல இருக்கே. உங்க லிஃப்ட் நிஜமாவே சரியில்ல."

"மாப்பிள்ளை!" என்று பதறினார் லிஃப்ட்காரர். "இது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல!"

ரயில் கிளம்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஜன்னல் வழியாக, நம்பாதவரைப்போல, கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே போனார்.